துடைப்ப டெண்டரும் என் கடைசி நாற்பது நாளும்

போன வாரம் வித்யா போன் செய்தாள். பேரூராட்சி அலுவலகத்தில் நான் எழுந்து வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். டெண்டர் பிரிவு. சிறு வியாபாரிகளுக்கு ஒருநாள் வகுப்பு வைத்திருக்கிறார்களாம். உள்ளாட்சி அலுவலகங்கள் என்னென்ன வாங்குகின்றன, அந்த டெண்டர் அறிவிப்பை எங்கே பார்ப்பது, எப்படிப் போடுவது, எப்படி ஜெயிப்பது என்று சொல்லித்தர வேண்டுமாம். “நீங்க ஒரு மணி நேரம் பேசுங்க மேடம். உங்களவிட யாருக்குத் தெரியும்?” என்றாள்.

முட்டி வலி என்று சொல்லி நழுவிவிட்டேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. தினமும் பெரிய காஞ்சிபுரத்தில் நான்கு தெரு சுற்றி வருகிறேன். பேசப் போனால் எல்லாரும் கேட்க விரும்புவதை மட்டும் பேசிவிடுவேன் என்று எனக்கே பயம். எழுதினால் அடித்துத் திருத்தியாவது உண்மையைச் சொல்லிவிடலாம். அதனால் எழுதுகிறேன் வித்யா. வகுப்பில் படிப்பதும் படிக்காததும் உன் இஷ்டம்.

என்னைப் பற்றி ஒன்று முதலில் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. காஸை அணைத்தேனா என்று மூன்று தரம் பார்ப்பேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பேன். என் கணவர் கல்யாணமான புதிதில் இதைப் பார்த்துச் சிரித்தார், பிறகு திட்டினார், இப்போது பேசாமல் தெருமுனையில் நின்றுகொள்கிறார். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் டெண்டர் பிரிவில் உட்கார வைத்தது யார் செய்த வேலையோ தெரியவில்லை.

தட்டச்சராகச் சேர்ந்தேன். பிறப்பு இறப்புப் பிரிவில் சில வருடம், சொத்து வரியில் சில வருடம், மாறுதல், பதவி உயர்வு, மறுபடியும் மாறுதல். அதையெல்லாம் எழுதினால் எனக்கே கொட்டாவி வரும். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த அந்த அலுவலகத்துக்கு வந்த அன்று, மேலாளர் தணிகாசலம் என் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “எழுத்து நல்லாருக்குது. டெண்டர் பாரு” என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

அப்போது எல்லாம் பெட்டிதான். பச்சை இரும்புப் பெட்டி, இரண்டு பூட்டு. ஒரு சாவி செயல் அலுவலரிடம். இன்னொன்று தணிகாசலம் சாரின் அரைஞாண் கயிற்றில். டெண்டர் நாளில் அவர் வேறு மனிதராகிவிடுவார். காலையிலிருந்து யார் கொடுத்த டீயும் குடிக்க மாட்டார். தண்ணீர்கூட வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில்தான். ரேடியோவில் மணி சொல்லும்போது சுவர்க் கடிகாரத்தைச் சரி செய்துவைப்பார். இரண்டே முக்காலுக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்காருவார். சரியாக மூன்று மணிக்குப் பெட்டி வாயில் ஒரு காகிதச் சீட்டை ஒட்டி, எழுந்து நின்று, அதன் மேல் கையெழுத்துப் போடுவார். உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

திறக்கும்போது ஒவ்வொரு உறையையும் தலைக்கு மேல் தூக்கி, முன்னும் பின்னும் காட்டுவார். “அரக்கு முத்திரை சரியா இருக்குது, எல்லாரும் பாத்துக்குங்க.” விலையை எண்ணால் ஒரு தரம், எழுத்தால் ஒரு தரம் உரக்கப் படிப்பார். அடித்து எழுதிய இடம் இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘திருத்தம் ஒன்று’ என்று எழுதிச் சுருக்கொப்பம் வைப்பார். திருத்தமே இல்லாத தாளில் ‘திருத்தம் இல்லை’ என்று எழுதுவார். அதை எதற்கு எழுத வேண்டும் என்று நான் கேட்டேன். “நாளைக்கு யாருனா திருத்திட்டா இன்னா பண்ணுவ?” என்றார். அன்றிலிருந்து நானும் எழுதினேன். அவருக்கு அது கவனம். எனக்கு அது பயமாகத்தான் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் கைப்பம்பு பழுதுபார்க்கும் டெண்டர். ஐயம்பேட்டையிலிருந்து புதிதாக ஒருவர் வந்திருந்தார். உறையைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார், அரக்கு வைக்கவில்லை. அரக்கு இல்லாவிட்டால் தள்ளுபடி என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. மணி இரண்டு நாற்பது. என் மேசைக்கு வந்து, “அரக்கு இருக்குதாமா?” என்று குசுகுசுவென்று கேட்டார். பாவமாக இருந்தது. எழுந்து டிராயரைத் திறந்தேன்.

“வசந்தா, உட்காரு!” என்று ஒரு சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தணிகாசலம் சார் எழுந்து வந்து, என் டிராயரிலிருந்த அரக்குக் குச்சியையும் மெழுகுவத்தியையும் எடுத்துக்கொண்டு போய் வராந்தாவில் ஒரு ஸ்டூலில் வைத்தார். அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, “அரக்கு வைக்காதவங்க யாரா இருந்தாலும் இங்க வந்து வச்சிக்கலாம். மூணு மணி வரைக்கும் இங்கதான் இருக்கும்” என்றார். பிறகு என்னிடம் வந்து குரலைத் தணித்துக்கொண்டார். “குடுக்கறதுல ஒண்ணும் இல்லமா. நீ டிராயர்ல இருந்து அவனுக்கு மட்டும் எடுத்து நீட்டுனா, நாளைக்கு இன்னொருத்தன் பெட்டிஷன் போடுவான். எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லிட்டுக் குடு.”

அவர் ஓய்வு பெற்றுப் போனார். பெட்டியும் போனது. எல்லாம் இணையதளம் என்று ஆனது. டெண்டர் போடுகிறவர் டிஜிட்டல் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். விரல் நீளத்தில் ஒரு டோக்கன், பென் டிரைவ் மாதிரி இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் உள்ளே போக முடியும். எங்கள் பக்கம் திறப்பதற்கும் அப்படி ஒரு டோக்கன், அது என் பொறுப்பு. முதல் வருட ஆயுத பூஜைக்கு அலுவலகத்தில் ஜீப், குப்பை வண்டி, கம்ப்யூட்டர் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்த எங்கள் உதவியாளர், அந்த டோக்கனுக்கும் பக்தியாக ஒரு பூச்சுப் பூசிவிட்டார். விடுமுறை முடிந்து வந்து செருகினால் விளக்கே எரியவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பையன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். பென்சில் ரப்பரை எடுத்து, அந்தத் தகட்டு வாயில் நாலு தேய் தேய்த்து, ஊதிவிட்டுச் செருகினான். எரிந்தது. அந்த ரப்பரை வாங்கி என் டிராயரில் வைத்துக்கொண்டேன்.

இனி கோமதி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்தாறு மாதம் இருக்கும். வாசலில் சத்தம். “தொடப்பத்த எடுத்துக்கினு ஆபீசுக்குள்ள வராதமா” என்கிறார் எங்கள் உதவியாளர். “இது உங்க ஆபீஸ் தொடப்பம்தாங்க. உள்ள வந்தா இன்னா?” என்கிறது ஒரு பெண் குரல். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு தென்னந்துடைப்பம். நேராக என்னிடம் வந்து அதை மேசை மேலேயே வைத்தாள்.

“மேடம், நான் முசரவாக்கம். கோமதி. இத எங்க குழுவுல கட்டறோம். உங்க ஊர்ல என் நாத்தனார் வூட்டுக்கு வந்தேன். தெருவுல ஒரு அக்கா இதால பெருக்கிக்கினு இருந்தாங்க. எங்க கட்டுன்னு பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. ஏதுன்னு கேட்டா, ஆபீஸ்ல குடுத்தாங்கன்றாங்க.”

துடைப்பத்தின் பிடியைக் காட்டினாள். கயிற்றுக்கு மேல் சிவப்பும் பச்சையுமாகப் பட்டு நூல். தறிக்காரர்கள் வீட்டில் மிஞ்சும் கழிவு நூலை வாங்கிவந்து இறுக்கிச் சுற்றுவார்களாம், ஈர்க்கு நழுவாதாம். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த குழு. பத்து வருடமாகக் கட்டுகிறார்கள். ஜெயபால் என்பவர் வண்டியோடு வந்து மொத்தமாக எடுத்துக்கொண்டு போகிறார். எங்கே போகிறது என்று அவர் சொன்னதில்லை, இவர்களும் கேட்டதில்லை.

ஜெயபால் எங்களுக்குத் துப்புரவுப் பொருள் வழங்கும் ஒப்பந்ததாரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நேரத்துக்குச் சரக்கு இறக்குவார், பேச்சில் மரியாதை குறையாது. என்ன, எங்கள் அலுவலகத்தில் எங்களைவிட அதிக நேரம் இருப்பார்.

“இத நாங்களே நேரா குடுக்க முடியாதா மேடம்?” என்றாள் கோமதி.

அறைக் கதவைத் திறந்து வைத்தேன். வராந்தாவில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னேன். வருடத்துக்கு ஒருமுறை டெண்டர் வரும். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம், பேப்பரில் கொடுப்போம், அரசு டெண்டர் இணையதளத்தில் போடுவோம். வாரம் ஒரு நாள் அதைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். குழுவுக்கு பான், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே பெயரில் இருக்க வேண்டும், ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. சிறு தொழில் பதிவுச் சான்று வாங்கினால் டெண்டரோடு கட்டுகிற முன்வைப்புத் தொகை தேவையில்லை. டிஜிட்டல் கையெழுத்துக்கு இப்போதே எழுதிப்போட வேண்டும். நிபந்தனைகளை வீட்டில் படித்து, புரியாததைக் கூட்டத்தில் கேட்க வேண்டும். ஐந்தாறு மாதத்தில் எனக்கு ஓய்வு என்பதையும் சொன்னேன். கோமதி எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வித்யா, உன் வகுப்பில் இதைச் சொல்லு. டெண்டரில் தோற்கிறவர்களில் பாதிப் பேர் விலையில் தோற்பதில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிற ஒரு வரியைப் படிக்காமல்தான் தோற்கிறார்கள். கோமதி அந்த வரியைப் படித்துவிட்டு வந்தாள்.

டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் ஜெயபாலோடு சேர்த்து நான்கு பேர். செயல் அலுவலர் கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். கோமதி எழுந்தாள். “அரசு அலுவலகத்துக்கு மூணு வருஷம் பொருள் குடுத்த அனுபவம் இருக்கணும்னு போட்டுக்கிறீங்க. பத்து வருஷமா உங்க ஊரப் பெருக்கறது எங்க தொடப்பம்தான் சார். அனுபவம் இல்லன்னு சொன்னா எப்பிடி?”

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயபால்கூடச் சிரித்தார். ஆனால் அவள் அதை எழுத்திலும் கொடுத்திருந்தாள். எழுத்தில் வந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். துடைப்பத்துக்கு எதற்கு மூன்று வருட அனுபவம், மாதிரியை வாங்கிச் சோதித்தால் போதாதா என்று நான் குறிப்பு எழுதி வைத்தேன். செயல் அலுவலர் ஒப்புக்கொண்டார். நிபந்தனை மாறியது, எல்லாருக்கும் பொதுவாகத் திருத்த அறிவிப்பு வெளியானது. அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் கோமதி போனில் சொன்னாள். “ஜெயபால் அண்ணன் அடுத்த மாசத்துலேர்ந்து லோடு வேணாம்னுட்டாரு மேடம். வேற ஊர்ல சொல்லிட்டாராம்.”

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த டெண்டர் கிடைத்தால் பன்னிரண்டு பேருக்கும் ஒரு வருடம் நேரடி வேலை. கிடைக்காவிட்டால் பழைய வியாபாரமும் கிடையாது. டெண்டர் போடுவது ஒரு பரீட்சை மாதிரி, தோற்றால் அடுத்த வருடம் எழுதலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு அப்படி இல்லை.

இதற்குள் எனக்கு ஓய்வுக்கு நாற்பது நாள்தான் பாக்கி. அரசு வேலையில் இருந்தவர்களுக்கு அந்த நாற்பது நாள் என்னவென்று தெரியும். ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் போதும், செவன்டீன் பி என்போம், ஓய்வூதியம் அந்தரத்தில் தொங்கும். எனக்குத் தெரிந்த கணக்கர் ஒருவர், வழியனுப்பு விழாவில் மாலையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. என்றோ வைத்த ஒரு கையெழுத்துக்காக. மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் அப்படியே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதையே நினைத்து அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பழைய கோப்புகளையெல்லாம் எடுத்துத் ‘திருத்தம் இல்லை’ எழுதியிருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். “உனக்கு வரது ரிட்டயர்மெண்ட்டா, தலைப்பிரசவமா?” என்றார் என் கணவர்.

டெண்டர் போடக் கடைசி நாள் ஒரு புதன்கிழமை. மூன்று மணிக்கு இணையதளம் மூடிக்கொள்ளும். அது தணிகாசலம் சாரைவிடக் கண்டிப்பு, ஒரு நொடிகூட நிற்காது. இரண்டே கால் மணிக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. எனக்கு எதிர் நாற்காலியில் ஜெயபால். ஏதோ பழைய பில் விஷயமாக வந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய டெண்டரை முந்தின நாளே ஏற்றிவிட்டிருந்தார்.

“மேடம், கோமதி பேசறேன். பெரிய காஞ்சிபுரத்துல நெட் சென்டர்ல இருக்கறேன். டோக்கன் எடுக்க மாட்டேங்குது மேடம்.”

“என்ன காட்டுது?”

“ஒண்ணுமே காட்டல. லைட்டே எரியல. மொத மொதல்ல போடறமேன்னு காலைல அம்மன் கோயில்ல வச்சு, சந்தனம் குங்குமம் வச்சு எடுத்துக்கினு வந்தோம். வாய்ப் பக்கம் பூசிட்டாங்க போல. துணியில தொடச்சிட்டேன், அப்பவும் எடுக்கல.”

புதுத் தறிக்கு, புது வண்டிக்கு, புதுத் தையல் மெஷினுக்கு எல்லாம் செய்வதைத்தான் இதற்கும் செய்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகமே செய்ததுதான். எனக்குச் சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை. பென்சில் ரப்பரால் தேய்.

ஜெயபால் பேப்பரை மடித்தார். என்னைப் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அறை மூலையில் புதிதாக வைத்த கேமரா. நாற்பது நாள். ‘டெண்டர் பிரிவு அலுவலரே ஒருவருக்கு போனில் வழி சொல்லிக்கொடுத்தார்’ என்று ஒரு மனு தட்டச்சு எழுத்தில் என் கண் முன்னால் ஓடியது.

“உதவி மைய எண் சொல்றேன், எழுதிக்கங்க” என்றேன். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன்.

“அதுல அடிச்சேன் மேடம். லைன்ல இருங்கன்னே வருது. மணி ஆயிக்கினே இருக்குது. நீங்க ஏதனா…”

“விதிப்படி நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா.”

அப்படி ஒரு விதி இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் விதியைப் படித்தே காலம் தள்ளியவள் நான். டோக்கனைத் துடைப்பது எப்படி என்று சொல்லக் கூடாதென்று எந்த விதியிலும் இல்லை. விலையைப் பற்றிப் பேசக் கூடாது, அவ்வளவுதான்.

“சரி மேடம், பரவால்ல. நீங்க வேலையப் பாருங்க” என்று வைத்துவிட்டாள்.

இன்னும் முப்பத்தெட்டு நிமிடம் இருந்தது. நான் டிராயரைத் திறந்தேன், ரப்பர் இருந்தது, மூடினேன். தணிகாசலம் சார் இருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எழுந்து நின்று, ஜெயபாலையும் வைத்துக்கொண்டே, போனில் உரக்கச் சொல்லியிருப்பார். “டோக்கன் எடுக்கலன்னா யாரா இருந்தாலும் ரப்பர் போட்டுத் தேய்ங்க.” சொல்லிவிட்டு, இன்னாரிடமிருந்து அழைப்பு வந்தது, இன்ன பதில் சொன்னேன் என்று கோப்பில் ஒரு குறிப்பும் எழுதியிருப்பார். அவரிடம் இத்தனை வருடம் வேலை பார்த்துவிட்டு, நான் அவர் சிவப்பு மையை மட்டும்தான் வாங்கிவந்திருக்கிறேன்.

இரண்டு நாற்பதுக்கு ஜெயபால் எழுந்து, “வரேன் மேடம்” என்று போய்விட்டார். அறையில் நான் மட்டும்தான். அதன் பிறகும் இருபது நிமிடம் இருந்தது. கோமதியின் எண் நோட்டில் இருக்கிறது. போனை எடுத்தேன். அழைப்பு விவரம் பதிவாகுமே என்று தோன்றியது. வைத்துவிட்டேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. யாருமே பார்க்காத அந்த இருபது நிமிடத்தில் எனக்கு என்ன பயம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மூன்று மணி ஆனது. மறுநாள் திறந்தோம். மூன்று பேர் போட்டிருந்தார்கள். முசரவாக்கம் குழு இல்லை. ஜெயபாலுக்குக் கிடைத்தது. எல்லாம் விதிப்படி நடந்தது. கோப்பில் ‘திருத்தம் இல்லை’ என்று எழுதினேன்.

நாற்பது நாளும் ஒருவழியாகப் போனது. கடைசி நாள் மாலை ஐந்தே முக்கால் வரை யார் உள்ளே வந்தாலும் அவர் கையைத்தான் பார்த்தேன், குறிப்பாணை உறை இருக்கிறதா என்று. விடுவிப்பு ஆணையைக் கையில் வாங்கிய பிறகுதான் பிடித்த பிடியை விட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேன். சால்வை போட்டார்கள். பூ அலங்காரம் செய்த ஜீப்பில் வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். ஜெயபாலும் வந்து ஒரு மாலை போட்டார். தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஓய்வு பெற்றாலும் பேப்பரில் டெண்டர் அறிவிப்புப் பக்கத்தைப் படிக்கும் பழக்கம் போகவில்லை. அடுத்த வருடம் அதே துடைப்ப டெண்டர் வந்தது. அதைக் கத்தரித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஐந்து நாள் அந்தத் துண்டு பையிலேயே இருந்தது. போகலாமா வேண்டாமா என்று தவித்து, ஆறாவது நாள் முசரவாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். கடைசி நாளுக்கு அப்போது இரண்டு நாள்தான் இருந்தது.

கோமதி வீட்டு வாசலில் அவளோடு சேர்த்து ஏழு பேர் உட்கார்ந்து துடைப்பம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். நாலு பேர் கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறார்களாம். ஒரு பெண் தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டாளாம். ஜெயபால் வாங்குவதை நிறுத்திய பிறகு சில மாதம் ஐயம்பேட்டை, காஞ்சிபுரம் என்று தலையில் சுமந்து கடை கடையாகப் போட்டிருக்கிறார்கள். கோமதி இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. கேட்டேன், சொன்னாள். கை துடைப்பத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

நான் பேப்பர் துண்டை நீட்டினேன். அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தாள். டெண்டர் சமர்ப்பித்த ஒப்புகைச் சீட்டு. முந்தா நாள் தேதி.

“இந்தத் தபா முன்னாடியே ஏத்திட்டோம் மேடம்” என்றாள். அந்த டெண்டர் அவர்களுக்குத்தான் கிடைத்தது என்று பிறகு நீ சொல்லித் தெரிந்துகொண்டேன் வித்யா. அன்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் அந்தச் சீட்டைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் சொன்னேன். “கோமதி, போன வருஷம் நீ போன் பண்ணப்ப, அதுக்கு என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். ரப்பர வச்சுத் தேச்சா போதும். தெரிஞ்சுதான் சொல்லல. அப்படி ஒரு விதியும் இல்ல.”

கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். கோமதி மட்டும் நிறுத்தவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, முடிச்சை இறுக்கினாள்.

“எனக்கும் தெரியும் மேடம்.”

“எப்படி?”

“நீங்க நம்பர் சொல்லச்சொல்ல உங்க கொரல் நடுங்கிக்கினு இருந்துது. என்னாண்ட இவ்ளோ நல்லா பேசனவங்க, ஏதோ பயத்துல இருக்கறாங்கன்னு புரிஞ்சுது. இன்னொரு வாட்டி கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க. அதான் கேக்காம வச்சுட்டேன்.”

அவள் கட்டி முடித்த துடைப்பத்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி ஓரமாக வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள். கிண்டலாகக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, அக்கறையாகத்தான் கேட்டாள்.

“ரிட்டயர்மெண்ட்டு நல்லபடியா ஆச்சா மேடம்?”

“ஆச்சும்மா” என்றேன்.